மழை வந்தால் தோற்கும் அணிகள்: 1934 கல்கத்தா லீக்

வணக்கம் மக்களே. கொல்கத்தாவில் மைதான் என்று சொல்கிற அந்தப் பெரிய வெட்டவெளியில் நிற்கிறேன். காலையிலிருந்து தூறல் விடவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் கேமரா. படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையை ஒரு மழை நாளில்தான் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன்.

என் காலடியைக் காட்டுகிறேன், பாருங்கள். புல்லுக்கு அடியில் முழுக்கச் சேறு. கங்கைச் சமவெளி மண், தண்ணீர் பட்டால் களிம்பு மாதிரி ஆகிவிடும். இதில் வெறுங்காலோடு ஓடுவதை நினைத்துப் பாருங்கள். எதிரே வருகிறவன் அடியில் பட்டை அடித்த பூட்ஸ் போட்ட பட்டாளத்துக்காரன்.

கல்கத்தா கால்பந்து லீக் 1898-ல் தொடங்கியது. முதல் சாம்பியன் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட். அதிலிருந்து 1933 வரை கோப்பையைத் தூக்கியது எல்லாமே பிரிட்டிஷ் பட்டாளங்களும் வெள்ளைக்காரர் கிளப்புகளும்தான். ஒரே ஒரு தடவைகூட இந்திய அணி இல்லை. தொடக்கத்தில் இந்திய கிளப்புகளை உள்ளேயே விடவில்லை. 1914-ல்தான் மோகன் பகானையும் ஆரியனையும் இரண்டாம் டிவிஷனில் சேர்த்தார்கள். மறு வருஷமே மோகன் பகான் மேலே வந்துவிட்டது. அப்போதும் இந்திய கிளப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். 1925-ல் ஈஸ்ட் பெங்கால் முதல் டிவிஷனுக்கு வந்தபோதுதான் அந்த வரம்பு உடைந்தது.

“1911-லேயே மோகன் பகான் வெள்ளைக்காரர்களை ஜெயித்ததே” என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம். ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று ஜெயித்து ஐ.எஃப்.ஏ. (இந்தியக் கால்பந்துச் சங்கம்) ஷீல்டு வாங்கினார்கள். பதினொரு பேரில் ஒருவர் தவிர எல்லோரும் வெறுங்கால். அந்தப் பெருமையை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் ஷீல்டு நாக்அவுட் போட்டி, தோற்றால் வெளியே. சில ஆட்டங்கள் நன்றாக ஆடினால் கோப்பை வரை போய்விடலாம். லீக் மே மாதம் தொடங்கி ஜூலை வரை இழுக்கும், அதாவது பாதி சீசன் கெட்டித் தரை, மீதி பாதி சேறு. மே மாதம் இந்திய அணிகளின் காலடி வேகத்துக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. ஜூனில் பருவமழை இறங்கும், பந்து ஊறிக் கனக்கும், வெறுங்கால் வழுக்கும். மே மாதம் சேர்த்த புள்ளிகளை எல்லாம் ஜூலையில் விட்டுவிடுவார்கள்.

என் ஊரில் செம்மண் திடலில் நானும் வெறுங்காலில் ஆடி வளர்ந்தவன். காய்ந்த தரையில் வெறுங்கால் ஒரு வரம். பந்து எங்கே இருக்கிறது என்று கட்டைவிரல் சொல்லும். மழையில் அதே கால் நம் பேச்சைக் கேட்காது. அதனால் இந்தச் சிக்கல் எனக்குப் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

சரி, 1934-க்கு வருவோம். 1931, 32, 33 என்று மூன்று வருஷம் தொடர்ந்து டர்ஹாம் லைட் இன்ஃபன்ட்ரி சாம்பியன். அந்த நேரத்தில் இரண்டாம் டிவிஷனிலிருந்து முகமதன் ஸ்போர்ட்டிங் மேலே வருகிறது. 1891-ல் பிறந்த முஸ்லிம்களின் கிளப், கறுப்பு வெள்ளைச் சட்டை. புது அணி, தாக்குப்பிடித்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்கள் வந்த முதல் வருஷமே லீக்கை ஜெயித்துவிட்டார்கள்.

இதற்குப் பின்னால் இருந்த இரண்டு முடிவுகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று, ஆட்டக்காரர்களை வங்காளத்துக்குள் மட்டும் தேடவில்லை. பெங்களூரிலிருந்து கூட்டி வந்தார்கள், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிற குவெட்டாவிலிருந்து ஜும்மா கானைக் கூட்டி வந்தார்கள். அமெச்சூர் காலம் அது, சம்பளம் என்று வெளிப்படையாக எதுவும் கிடையாது. அப்படியும் ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்து ஆடியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது. இரண்டாவது, மழை நாளில் பூட்ஸ். தரை காய்ந்திருந்தால் வெறுங்கால், ஈரமாக இருந்தால் பூட்ஸ் மாட்டிக்கொள். கேட்க எளிது. பிறந்ததிலிருந்து வெறுங்காலில் ஆடியவனுக்குப் பூட்ஸ் போட்டால் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். அதற்கென்று பழகியிருந்தால்தான் முடியும். அவர்கள் பழகினார்கள். அந்த வருஷம் ஜூலை மாதமும் அவர்களுடையதாக இருந்தது.

அந்த அணியில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சையத் அப்துஸ் சமத். ‘மந்திரவாதி’ என்பார்கள். 1895-ல் பிறந்தவர், அப்படியென்றால் நாற்பதை நெருங்கும் வயதில் இந்த லீக். அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. வெளிநாட்டில் ஓர் ஆட்டம், இவர் அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையில் பட்டுத் திரும்புகிறது. “என் அடி தப்பாது, கம்பம்தான் உயரம் குறைவு” என்கிறார். அளந்து பார்த்தால் குறைவாகவே இருந்ததாம். உண்மையோ இல்லையோ, அப்படி ஒரு கதை எல்லோருக்கும் பிறக்காது.

அங்கே தூரத்தில் தெரிகிறதே, அது வில்லியம் கோட்டை. டிக்கெட் கிடைக்காதவர்கள் அந்தக் கோட்டை மேட்டில் ஏறி நின்று ஆட்டம் பார்ப்பார்கள். ஒரு வருஷத்தோடு முடியவில்லை. 1934, 35, 36, 37, 38 என்று ஐந்து வருஷம் தொடர்ந்து முகமதன்தான். 1936-ல் ஷீல்டும் சேர்ந்து வந்தது, 1911-க்குப் பிறகு ஓர் இந்திய அணிக்கு அதுதான் முதல் தடவை. அதே 1936-ல் இந்தக் கிளப்பின் முகமது சலீம் கப்பலேறி ஸ்காட்லாந்து போய், செல்டிக் அணிக்கு வெறுங்காலில், துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடினார்.

முப்பதுகளின் வங்காளத்தில் இந்து, முஸ்லிம் அரசியல் சூடாக இருந்தது, அந்தச் சூடு மைதானத்துக்கும் வந்தது. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேலாக மூடியிருந்த ஒரு கதவு அந்த 1934-ல் திறந்தது. 1939-ல் மோகன் பகான் தன் முதல் லீக் பட்டத்தை எடுத்தது.

எனக்கு ஆறாத ஒரு விஷயம் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 2-1 என்று தோற்றோம். நம் ஆட்களில் பெரும்பாலானோர் வெறுங்கால், நம் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டி வீணானது. 1952 ஹெல்சிங்கியில், அந்தக் குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 10-1. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. தரையைப் பார்த்துக் காலணியை முடிவு செய் என்ற பாடம் இந்த மைதானத்தில் 1934-லேயே கிடைத்திருந்தது, மக்களே. பதினெட்டு வருஷம்!

மழை வலுக்கிறது, கேமராவை உள்ளே வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ வெறுங்காலில் பந்து ஆடியவர்களாக இருந்தால், மழை நாளில் என்ன செய்தார்கள் என்று கேட்டுக் கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து படிப்பேன்.