குத்துவிளக்கு வராந்தாவோடு நிற்கட்டும்! | கோலிக்குண்டில் 640 ரூபாய் வித்தை | காலேஜ் ஆவணக் காப்பக வ்லாக்

வணக்கம் மக்களே. இன்றைக்கு டீ கூடப் போடாமல் நேராகக் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு கடுப்பு, கூடவே அவ்வளவு சந்தோஷம். கடுப்பை முதலில் கொட்டிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதை நிம்மதியாகச் சொல்ல முடியும்.

போன வாரம் எங்கள் காப்பகத்தில் 'திறந்த நாள்', அதாவது யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், நான் மதுரையில் ஒரு கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் வாசகர் சேவை, அவுட்ரீச் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். வந்து கேட்கிறவர்களுக்குப் பெட்டியை எடுத்துக் கொடுப்பது பாதி வேலை. கேட்கலாம் என்றே தெரியாதவர்களை இழுத்துக்கொண்டு வருவது மீதி வேலை. "ஜூன் 9 தானேக்கா உலக ஆவணக் காப்பக நாள், இப்ப எதுக்கு?" என்று கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். 1948இல் அந்தத் தேதியில்தான் சர்வதேச ஆவணக் காப்பக மன்றம் உருவானது. ஆனால் நம் ஊரில் ஜூன் 9 அன்று பெரும்பாலும் காலேஜே திறந்திருக்காது. வாட்ச்மேன் அண்ணனுக்கு மட்டும் கண்காட்சி வைக்கவா? அதனால் செமஸ்டர் நடுவில்தான் வைப்போம்.

சரி. அழைப்பிதழில் யாரோ 'துவக்க விழா' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். வந்தது வினை. துவக்க விழா என்றால் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, பிளெக்ஸ், அப்புறம் குத்துவிளக்கு. அதை எங்கே வைக்கத் திட்டம் தெரியுமா? வாசிப்பு அறைக்குள்! நாங்கள் பேனாவையே உள்ளே விடுவதில்லை, பென்சில்தான். தண்ணீர் பாட்டில் வாசல் அலமாரியோடு சரி. மேசையில் பழைய பதிவேடுகள் விரித்திருக்கின்றன, தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது, நடுவில் ஐந்து முகமும் எரிய நல்லெண்ணெய் விளக்கு. கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"விளக்கேத்தாம எப்படி மேடம், நல்ல காரியமில்லையா?" என்கிறார்கள். ஏற்றுங்கள் சார், வேண்டாம் என்று யார் சொன்னது, வராந்தாவில் ஏற்றுங்கள். தீ விபத்து என்றேன், எடுபடவில்லை. புகை காகிதத்தில் படியும் என்றேன், அதுவும் எடுபடவில்லை. கடைசியில் "உள்ளே வெளிச்சம் பத்தாது சார், ஜியோ டேக் போட்டோ இருட்டா விழும்" என்றேன். அவ்வளவுதான்! ஐந்தே நிமிஷத்தில் விளக்கு வராந்தாவுக்கு வந்துவிட்டது. எடுத்த இடம் பதிவான போட்டோ, கல்லூரியைத் தரம் பார்க்கும் நாக் (NAAC) மதிப்பீட்டுக்குக் காட்ட வேண்டியது ஆயிற்றே. காப்பகத்தில் வேலை செய்கிற தம்பி தங்கைகளே, இந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்புக் கருவியை விட நம்பகமானது.

அடுத்தது செல்ஃபி பாயிண்ட். பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு, முகம் வைக்க ஓட்டை விடலாமாம். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது படித்தார்களா? பெயர், சாதி, அப்பாவின் தொழில், வருமானம், ஃபீஸ் சலுகை கேட்டவரா இல்லையா, எல்லாம் ஒரே வரிசையில். அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் இதே கல்லூரியில் படிக்கலாம். தாத்தா இங்கே படித்தாரா என்று குடும்பத்தில் கேட்டு வருகிறவர்களுக்குக்கூட அந்த ஒரு வரியை மட்டும்தான், மேலும் கீழும் மறைத்துக் காட்டுகிறோம். எங்களுக்கு வரும் விசாரணைகளில் பாதி இந்த மாதிரிதான். பிளெக்ஸில் போட முடியாது என்று ஒரே பிடி. பழைய விளையாட்டு விழா நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தேன், அதில் ஓட்டை போட்டுக்கொண்டார்கள். பிரிண்டில்தான், பதறாதீர்கள்.

கடுப்பு முடிந்தது. இப்போது என் வெற்றிக்கதை.

பழைய பதிவேட்டை மேசையில் தட்டையாக விரித்தால் முதுகு ஒடிந்துவிடும் என்று பைண்டிங் வீடியோவிலேயே சொன்னேன். இரண்டு பக்கமும் சாய்மானம் கொடுக்க வேண்டும். பக்கம் புரண்டுவிடாமல் இருக்க மேலே பாம்பு மாதிரி நீளமான துணி எடை போட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கம்பெனி கொட்டேஷன் அனுப்பியது. பதினான்காயிரம்! ஜி.எஸ்.டி. தனி, கூரியர் தனி. ஃபோம் துண்டும் துணிப் பையும்தான் ஐயா, தங்கத்திலா செய்கிறீர்கள்?

நானே இறங்கினேன். பேக்கிங்குக்கு விற்கிற ஈ.பி.ஈ. ஃபோம் ஷீட் 280 ரூபாய். தெர்மாகோல் இல்லை, அது உதிரும். சோபாவுக்குள் வைக்கிற மஞ்சள் ஸ்பாஞ்சும் வேண்டாம், நாளாக நாளாகப் பொடியும். இது வெள்ளையாக, விரலால் அழுத்தினால் மெதுவாக அமுங்கி எழும். ஆப்பு வடிவத்தில் வெட்டிக்கொண்டேன். போர்த்தக் காடாத் துணி 120. துணி எடைக்கு உள்ளே போட என்ன என்றுதான் யோசனை. சைக்கிள் பால்ரஸ் நல்ல கனம், ஆனால் ஈரப்பதம் பட்டால் துருப்பிடிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் சின்னக் கோலிக்குண்டு மொத்தமாகக் கேட்டேன். "பையனுக்கா யக்கா?" என்றார் கடைத்தம்பி. "இல்ல தம்பி, புஸ்தகத்துக்கு" என்றேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! 90 ரூபாய். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாற்றிய நம் தையல்கார அண்ணன் மூன்று எடை தைத்துக் கொடுத்தார், ஒன்று ஐம்பது. மொத்தம் 640. பதினான்காயிரம் எங்கே, 640 எங்கே!

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். காடாத் துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் நன்றாக அலசிக் காய வையுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், கஞ்சி என்றால் காகிதம் அரிக்கும் ராமபாணப் பூச்சிக்குக் கல்யாண விருந்து. துணி இரண்டு மடிப்பாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டு குண்டாகக் காகிதத்தில் அழுந்தும்.

அப்புறம் கையுறை. இதை எத்தனை வீடியோவில் சொல்வது? "வெள்ளை கிளவுஸ் போடாம தொடறீங்களே" என்று இன்னும் வருகிறது. சினிமாவில் பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறீர்கள். துணிக் கையுறை போட்டால் காகிதத்தின் விளிம்பு விரலுக்குத் தெரியாது, புரட்டும்போது கிழியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். போட்டோவுக்கும் நெகட்டிவுக்கும்தான் கையுறை.

இப்போது சந்தோஷத்துக்குக் காரணமான விஷயம். விழா முடிந்து விருந்தினர் போன பிறகு, மதியம் பி.காம். இரண்டாம் ஆண்டு வகுப்பு ஒன்றை வரச் சொல்லியிருந்தேன். வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் தாமாகவே வருவார்கள். பி.காம். பிள்ளைகளோ ஏ.சி.க்காகத்தான் வந்தார்கள், மறைக்கவும் இல்லை. அவர்களுக்குக் கலைநயமான கடிதம் எதையும் காட்டவில்லை. 1957ஆம் ஆண்டின் ஹாஸ்டல் மெஸ் கணக்குப் புத்தகத்தைத்தான் ஃபோம் மேல் வைத்தேன்.

மார்ச் மாதப் பக்கம். ரூ., அ., பை. என்று மூன்று பத்தி. "கூட்டிச் சொல்லுங்கள்" என்று இரண்டு வரியை மட்டும் காட்டினேன். ஏழு அணா ஒன்பது பை, பதினோரு அணா ஆறு பை. எல்லோரும் போனைத் திறந்தார்கள். கால்குலேட்டருக்கு அணா தெரியுமா? பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்று போர்டில் எழுதிப் போட்டேன். ஒரு வாக்குவாதம் நடந்து, பிறகுதான் ஒரு ரூபாய் மூன்று அணா மூன்று பை வந்தது. பின்வரிசையில் ஒரு பையன் விசிலே அடித்துவிட்டான். வாசிப்பு அறையில் விசில்! நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் பக்கத்தைத் திருப்பினேன். 1957 ஏப்ரல் 1, ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்கிற தசம நாணயம் வந்த நாள். மூன்று பத்தி இரண்டாகிவிட்டது. அன்றைய மெஸ் கிளார்க் ஓரத்தில் பென்சிலால் தனக்குத்தானே ஒரு சின்ன அட்டவணை போட்டிருக்கிறார், 1 – 6, 2 – 12, 3 – 19, 4 – 25. இரண்டை அழித்து மறுபடி எழுதியிருக்கிறார், அந்த இடத்தில் காகிதம் லேசாகத் தேய்ந்திருக்கிறது. பழைய அணாவுக்கு எத்தனை நயா பைசா என்கிற கணக்கு. அரசு சொன்ன மாற்று விகிதமும் இதுதான்.

முதல் வரிசையில் ஒரு பெண். அதுவரை வாயே திறக்கவில்லை. "மேம், நூறை பதினாறால வகுத்தா ஆறே கால் வருது. ரெண்டு அணாவுக்குப் பன்னிரண்டரை, இவர் பன்னிரண்டுதான் போட்டிருக்கார். மூணு அணாவுக்குப் பதினெட்டே முக்கால், பத்தொன்பது போட்டிருக்கார். அப்ப மூணு அணா சாமான் வாங்கினா நமக்குக் கால் பைசா நஷ்டம், ரெண்டு அணா சாமான்னா கடைக்காரருக்கு அரை பைசா நஷ்டம்" என்றாள். உடனே பக்கத்தில் இருந்தவள், "அப்ப நாலு அணா சாமானையும் ரெண்டு ரெண்டு அணாவா பிரிச்சு வாங்கியிருந்தா மெஸ்ஸுக்கு ஒரு பைசா மிச்சம்டி!" என்கிறாள். அடி சக்கை! மெஸ் அப்படி வாங்கியதா என்று பார்க்க ஏப்ரல் மாதம் முழுவதையும் புரட்ட வேண்டும். புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் கிளப்பிவிட்டேன். நான்கு பேர் மறுநாள் தாங்களாகவே வந்து படிவம் பூர்த்தி செய்து அதே புத்தகத்தைக் கேட்டார்கள்.

விழா அறிக்கையில் இது வராது, மக்களே. 'பங்கேற்றோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. மறுநாள் திரும்பி வந்தவர்களுக்குக் கட்டம் கிடையாது. நானே பேனாவால் ஒரு கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தேன். ஆபீஸில் என்ன சொல்வார்கள் என்று பார்ப்போம்.

இதனால்தான் சொல்கிறேன், வீட்டில் பழைய காலேஜ் ரசீது, மெஸ் பில், ஹாஸ்டல் டே நோட்டீஸ் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்கிற சேகரிப்பாளர் புத்தகத்தோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சேர்த்து வைத்ததால்தான் 1994இல் அவர் பெயரில் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமே வந்தது. காப்பகத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோ டேப்பும் வேண்டாம், அது என்ன கதிக்கு ஆளாக்கும் என்று தனி வீடியோவே இருக்கிறது. போட்டோவுக்குப் பின்னால் பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.

மெஸ் பிரித்து வாங்கியதா என்று அந்தப் பெண்கள் ஜூன் மாதக் கணக்கு வரை பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எனக்கு இன்னும் ஆறு துணி எடை வேண்டும். தையல்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். காப்பகத்துக்கு என்று தெரிந்துவிட்டதாம், இப்போது ஒன்று எண்பது கேட்கிறார்.