திறப்பு விழாவுக்கு மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகத்துக்குப் பணம் தர வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன கட்டித் தரலாம்?" என்பதுதான். கட்டடம் கண்ணில் படும், கல்வெட்டில் பெயர் வரும். நம் நீலகிரி மலையில் சிக்கல் தொடங்குவது திறப்பு விழாவுக்கு மறுநாள். ஈரப்பதம் தொடர்ந்து 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் துணி, தோல், பழைய புகைப்பட ஆல்பம் எல்லாவற்றிலும் பூஞ்சணம் ஏறும். சாரல் காலத்தில் உதகையில் அந்த அளவு சர்வசாதாரணம். காற்றோட்டம் என்று நினைத்து மூடுபனிக் காலையில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும்.

கோவையில் நன்றாக ஓடும் கம்ப்ரசர் வகை ஈரநீக்கி இங்கே ஜூலை இரவில் படுத்துவிடும். அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சுருள்குழாயில் பனி உறையும். அதைக் கரைப்பதிலேயே இயந்திரத்தின் நேரம் போய்விடும். குளிருக்கு ஏற்றது சிலிக்கா ஜெல் உருளை வகை. மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும். 500 வாட் இயந்திரம் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 180 யூனிட். இந்த பில்லைக் கட்டியவருக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

அதனால் மூலநிதியாகக் கொடுங்கள்; முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் நிதி அது. 10 லட்சம் 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 70,000 தரும். விலைவாசிக்காக 20,000-ஐ மூலநிதியிலேயே திருப்பிப் போட்டால் கையில் நிற்பது 50,000. மின்கட்டணத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் போதும், காப்பாளர் சம்பளத்துக்கு எட்டாது. கொடுக்கும்போது "மூலநிதிக்காக" என்று கடிதத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதாவிட்டால் அது அறக்கட்டளையின் சாதாரண வருமானம். பொதுவாக 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவிட வேண்டும். தள்ளிவைக்கத் தனிப் படிவம் உண்டு, அலைச்சலும் உண்டு.

80ஜி என்று நமக்குப் பழகிப்போன நன்கொடை வரிவிலக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. பாட்டி வைத்திருந்த பூத்துக்குளியை, அதாவது தோடர் பூவேலைச் சால்வையை, கொடுத்துவிட்டு ரசீதோடு ஆடிட்டரிடம் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புகிறார்கள்.

பொருள் கொடுப்பதில் இன்னொரு வில்லங்கம், "எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனை. நல்லெண்ணம்தான், ஆனால் துணியைக் கொல்வது அதுவே. தோடர் பூவேலைத் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது. சில மாதம் காட்சியில், மீதிக் காலம் இருட்டில். மடித்து வைத்தால் மடிப்பிலேயே இழை அறும். அமிலமற்ற காகிதம் சுற்றிய குழாயில் உருட்டி வைக்க வேண்டும். நூறாண்டு தாண்டிய சிலை, ஓவியம் போன்றவற்றுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உதகை அருங்காட்சியகம் அரசுடையது. அரசு இடத்தில் தனியார் பணம் நிலைக்க எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மும்பை பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்துக்கு மாநகராட்சி, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு, ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை மூன்றும் 2003-இல் அப்படித்தான் கையெழுத்திட்டன. புதுப்பித்து 2008-இல் திறந்தார்கள்.

நாளைய புரவலர்கள் யார்? தேயிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள். இருபது பேர் மாதம் 500 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 1,20,000. பணத்தோடு தீர்மானத்தையும் அவர்களிடம் விடுங்கள். காப்பாளர் மூன்று தேவைகளை விலையோடு முன்வைக்கட்டும்: ஆல்பம் ஒன்றைச் செப்பனிடுதல், துணிக்கு உருளைப் பெட்டி, கோத்தர் மண்பாண்டத்துக்குக் கண்ணாடிப் பேழை. வாக்கெடுத்து ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கூட்டத்தை மலர்க் கண்காட்சி நெரிசலில் வைக்காதீர்கள்; படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு ஊர் திரும்பும் நாள்களில் வையுங்கள். விழாவில் நாற்காலி போடவும் படம் எடுக்கவும் மட்டும் கூப்பிட்டால் சீக்கிரமே கழன்றுகொள்வார்கள். ஓராண்டு முடிந்ததும் அவர்களில் ஒருவருக்கு நிர்வாகக் குழுவில் வாக்குரிமையோடு இடம் கொடுங்கள், கணக்குப் புத்தகத்தையும் காட்டுங்கள்.