ஜாவாவில் ஒரு வரியைப் பிரிக்கும்போது கடைசிப் பகுதி ஏன் காணாமல் போகிறது?

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். ராஜாஜி சாலையில் துறைமுகச் சரக்குகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் ஜாவாவில் நிரல் எழுதுகிறாராம். கன்டெய்னர் எண், எடை, தேதி, குறிப்பு ஆகிய நான்கும் பைப் (|) குறியால் பிரிக்கப்பட்டு, ஒரு கன்டெய்னருக்கு ஒரு வரி என்று கோப்பு வருகிறது. வரியைத் துண்டுகளாக்கும் ஸ்ப்ளிட் மெத்தடுக்குப் பைப் குறியைக் கொடுத்தால் வரி எழுத்தெழுத்தாகச் சிதறுகிறது. முன்னால் இரண்டு பேக்ஸ்லாஷ் சேர்த்ததும் சரியானது, ஆனால் சில வரிகளில் மட்டும் நிரல் நின்றுவிடுகிறது, ஏன் என்று கேட்கிறார்.

ஸ்ப்ளிட் வாங்கிக்கொள்வது வெறும் எழுத்தை அன்று, ரெகுலர் எக்ஸ்பிரஷனை, அதாவது எந்த மாதிரி எழுத்துகளைத் தேட வேண்டும் என்று சொல்லும் வடிவத்தை. அதில் பைப் என்றால் 'இது அல்லது அது' என்று பொருள். இருபுறமும் எதுவும் இல்லாததால் 'வெற்று அல்லது வெற்று' என்றாகி, ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் வெட்டு விழுகிறது. பேக்ஸ்லாஷ் அந்தப் பொருளை நீக்கிவிடுகிறது.

இனி நிரல் நிற்கும் வரிகளுக்கு வருவோம். அவர் அனுப்பிய வரிகளில் ஒன்று, 24500 என்ற எடையும் 03-04-2024 என்ற தேதியும் வந்து, அதன்பின் ஒரு பைப்புடன் முடிந்துவிடுகிறது, குறிப்பு எழுதப்படவில்லை. ஸ்ப்ளிட், நாம் வேறு சொல்லாதவரை, இறுதியில் வரும் வெற்றுப் பகுதிகளைத் தானாகவே கழித்துவிடும். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றே கிடைக்க, நான்காவதைத் தொட்டதும் எல்லை மீறிய பிழை எழுகிறது. இரண்டாவது உள்ளீடாக -1 கொடுங்கள். வெற்றுப் பகுதியும் நான்காவதாக அப்படியே வந்து நிற்கும்.

பிழை காட்டி நிற்கும் நிரலைவிட, பிழையே காட்டாமல் தவறான விடையைத் தரும் நிரல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தேதியில் அது நடக்கும். எழுத்தைத் தேதியாக மாற்றித் தரும் பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட்டிடம் 31-02-2024 என்று கொடுத்தால் மறுக்காமல் மார்ச் 2 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்துக்குப் பெரிய எம் போடாமல் சிறிய எம் போட்டால், அதை நிமிடமாகக் கருதி எல்லாத் தேதியையும் ஜனவரியில் வைத்துவிடும். 2014-இல் ஜாவா 8-உடன் வந்த டேட்டைம்ஃபார்மேட்டரும் இயல்பு நிலையில் அதே தேதியைப் பிப்ரவரி 29 ஆக்கிவிடுகிறது. எவ்வளவு கண்டிப்பாகச் சரிபார்ப்பது என்பதைச் சொல்லும் ரிசால்வர் ஸ்டைலை ஸ்ட்ரிக்ட் என்று வைத்து, ஆண்டுக்கு ஒய் எழுத்துக்குப் பதிலாக யு எழுத்தை நான்கு முறை எழுதினால்தான் சரியான தேதியை ஏற்று, தவறான தேதியை மட்டும் அது மறுக்கும்.

எடையில் காற்புள்ளியோ ஓரத்தில் ஓர் இடைவெளியோ இருந்தாலும் எழுத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் ஏற்காது, முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

இவற்றையெல்லாம் நிரல் முழுவதும் தூவ வேண்டாம். கன்டெய்னர் பதிவுக்கென்று ஒரு கிளாஸ் எழுதி, ஆப்ஜெக்டை உருவாக்கும் அதன் கன்ஸ்ட்ரக்டரை வெளியிலிருந்து அழைக்க முடியாதபடி பிரைவேட் ஆக்கி, வரியை வாங்கிச் சோதித்த பிறகே ஆப்ஜெக்டைத் தரும் ஒரு ஸ்டாட்டிக் மெத்தடை அதிலேயே வையுங்கள். பிழைச் செய்தியில் வரி எண்ணோடு அந்த வரியையும் முழுமையாகச் சேர்த்துவிட்டால், எந்தக் கன்டெய்னரின் பதிவு தவறு என்பதை, டிரெய்லர் துறைமுக வாயிலில் காத்து நிற்கும்போது தேட வேண்டியிருக்காது.