65ல இருந்து 44 கழிச்சா பில்டு ஏன் உடைஞ்சுதுன்னு தெரியும்

ஃபேன் சத்தம் கேக்குதா? ஆஃப் பண்ணா வேர்த்து ஊத்துது. அதோடவே பேசிருவோம்.

ஒரு நாள் ராத்திரி மணி பத்தரை. பால் ஏஜென்சி வச்சிருக்க அண்ணன் ஒருத்தர் போன் பண்றாரு. "தம்பி, நாளைலருந்து லிட்டருக்கு ரெண்டு ரூபா ஏறுது. ஆப்புல மாத்திக் குடுத்துருப்பா, விடியக்காலம் நாலு மணிக்குப் பசங்க லைனுக்குக் கெளம்பிருவாங்க"ன்னாரு. 2023ல அவருக்கு ஃப்ளட்டர்ங்கிற ஆப் எழுதுற கருவில எழுதிக் குடுத்த பால் கணக்கு ஆப் அது. மாத்த வேண்டியது ஒரே ஒரு நம்பர். விலைய ஏன்டா கோடுக்குள்ள எழுதி வச்சேன்னு கேக்காதீங்க, அந்த வெக்கம் எனக்கே இருக்கு.

"சரிண்ணே, அஞ்சு நிமிசம்"னு வச்சுட்டேன். லேப்டாப்பத் தொறந்தா, ஆண்ட்ராய்டு ஆப் எழுதுற சாஃப்ட்வேர் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோல ஓரமா ஒரு அப்டேட் நோட்டீஸ். பல நாளா தள்ளிவிட்டுக்கிட்டே இருந்தேன். அன்னிக்குன்னு பாத்து அமுக்கிட்டேன். யாரும் என் கையப் புடிச்சு அமுக்கல, நானா அமுக்குனதுதான். அப்டேட் முடிஞ்சுது, விலைய மாத்துனேன், பில்டு குடுத்தேன், அதாவது எழுதுன கோட ஆப்பாக் கட்டச் சொன்னேன். செவப்பு.

இந்தா, ஸ்க்ரீன்ல பெருசாக் காட்டுறேன் பாருங்க. மேல என்னமோ செட்டிங்ஸ் ஃபைலத் தொறக்க முடியலங்குது. அதுக்குக் கீழ பெரிய எழுத்துல 'பக்!'னு ஆச்சரியக்குறியோட போட்டு, 'செமான்டிக் அனாலிசிஸ்'ங்குது. கடைசில 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65'. இதுல அந்த 'பக்!'கைப் பாத்துத்தான் எல்லாரும் மெரண்டுபோறது. நம்ம கோடுல பக், அதாவது தப்பு, எதுவும் இல்ல. அந்த மொத்தப் புலம்பல்ல வேணுங்கிற ஒரே விசயம் கடைசில நிக்கிற 65தான்.

அந்த நம்பர்ல 44ஐக் கழிச்சா ஜாவா வெர்ஷன் வரும். 52ன்னா ஜாவா 8. 55ன்னா 11. 61ன்னா 17. 65ன்னா 21. ஜாவாவுல கம்பைல் ஆகுற ஒவ்வொரு கிளாஸ் ஃபைலுக்குள்ளயும் இந்த நம்பர் இருக்கும். ஸோ அந்த எரர் சொல்றது இவ்வளவுதான்: "எனக்கு ஜாவா 21ல செஞ்ச சரக்கக் குடுக்குற, அதைப் படிக்க எனக்குத் தெரியல." சொல்றது யாரு? கோட ஆப்பாக் கட்டித் தர்ற கருவி, கிரேடில்.

ஏன் திடீர்னு ஜாவா 21 வந்துச்சு? ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குள்ளயே ஒரு ஜாவா இருக்கு, நாம தனியாப் போடாட்டியும் அது கூடவே வரும். 2023 ஏப்ரல்ல வந்த ஃப்ளமிங்கோல அது 17 ஆச்சு. 2024 அக்டோபர்ல வந்த லேடிபக்ல 21 ஆச்சு. என் ப்ராஜெக்ட்ல இருந்த கிரேடில் 7.5. அந்தக் காலத்து ஃப்ளட்டர் ப்ராஜெக்ட் தொறந்தாலே வர்ற கிரேடில் அது. கிரேடில் ஜாவா 21 மேல ஓடணும்னா குறைஞ்சது 8.5 வேணும். ஸ்டூடியோ அதோட வேலைய ஒழுங்காத்தான் பாத்துச்சு, பழசாக் கெடந்தது என் ப்ராஜெக்ட்டு.

இதெல்லாம் இப்ப ஒக்காந்து நிதானமாச் சொல்றேன். அன்னிக்கு ராத்திரி நான் என்ன பண்ணேன்? எல்லாரும் பண்றதைத்தான். பழைய பில்டு ஃபைலெல்லாம் அழிக்கிற கமாண்டு ஒன்னு, ஃப்ளட்டர் க்ளீன். அப்புறம் திரும்ப ஃப்ளட்டர் க்ளீன். அப்புறம் ஹோம் ஃபோல்டர்ல இருக்க கிரேடில் கேஷ, அதாவது அது இறக்கிச் சேத்து வச்ச ஃபைல்கள, மொத்தமாத் தூக்கி அழிச்சேன். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னா, நான் இருந்தது மொபைல் ஹாட்ஸ்பாட்ல. கிரேடில் ஜிப்பு மட்டும் நூறு எம்பிக்கு மேல, அதுக்கப்புறம் லைப்ரரி ஒன்னொன்னா இறங்கணும். நாப்பது நிமிசம் அந்தக் கோடு நகர்றதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன். முடிஞ்சதும் அதே 65 பல்லைக் காட்டுது. கேஷ அழிக்கிறது கெட்டுப்போன ஃபைலுக்கு மருந்து. வெர்ஷன் பொருந்தாத வியாதிக்கு அது ஒன்னும் பண்ணாது.

மணி பன்னெண்டு. சரி, ஜாவா 17 போட்டுருவோம்னு தனியா இறக்குனேன். ஜாவா எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற ஜாவா ஹோம் வேரியபிள் செட் பண்ணேன். டெர்மினல்ல ஜாவா ஹைஃபன் வெர்ஷன் அடிச்சா 17னு வருது. ஆஹான்னு பில்டு குடுத்தா, மறுபடியும் 65! இந்த எடத்துலதான் நிறைய பேரு தலைல கை வச்சு ஒக்காந்துர்றாங்க. கம்ப்யூட்டர் 17ங்குது, பில்டு 21ங்குது, யாரு பொய் சொல்றா?

ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்றாங்க. ஃப்ளட்டர் ஜாவாவத் தேடுறதுக்கு ஒரு வரிசை வச்சிருக்கு. நாம ஃப்ளட்டர்கிட்ட நேராச் சொல்லி வச்ச பாதை இருக்கான்னு முதல்ல பாக்கும். இல்லைன்னா ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குள்ள இருக்கிற ஜாவாவ எடுத்துக்கும். அதுவும் இல்லைன்னாத்தான் ஜாவா ஹோம் பக்கமே திரும்பும். நான் மூணாவது வாசல்ல நின்னு கதவத் தட்டிக்கிட்டு இருந்தேன், அது ரெண்டாவது வாசல் வழியா எப்பவோ உள்ள போயிருச்சு. எது ஓடுதுன்னு சந்தேகம் இருந்தா ஃப்ளட்டர் டாக்டர் அடிச்சு கூட ஹைஃபன் வி போடுங்க. 'ஜாவா பைனரி அட்'னு ஒரு வரி வரும். இந்தா தெரியுதா, இதான். எனக்கு அதுல ஸ்டூடியோ ஃபோல்டர் பாதை வந்துச்சு. நான் போட்ட 17 அங்க பேருக்குக்கூட இல்ல.

அதுக்கு மருந்து ஒரே வரி. ஃப்ளட்டர் கான்ஃபிக், அப்புறம் ஹைஃபன் ஹைஃபன் ஜேடிகே ஹைஃபன் டிர், சமக்குறி போட்டு உங்க ஜாவா 17 ஃபோல்டர். அதுக்குள்ள 'bin'னு இருக்க ஃபோல்டர் வேணாம், அதுக்கு ஒரு படி மேல இருக்கிறது. அப்புறம் எடிட்டர மூடித் தொறங்க. ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள்ள போய் கிரேடில்டபிள்யூ ஹைஃபன் ஹைஃபன் ஸ்டாப் ஒரு தடவை குடுத்துருங்க, பழைய ஜாவாவோட பின்னாடி ஓடிக்கிட்டு இருக்க டீமன் அடங்கட்டும்.

பில்டு ஓடுச்சு. ஒன்னேகால் மணிக்கு ஆப் ஃபைலான ஏபிகேவ வாட்ஸாப்புல அனுப்பிட்டு அப்டியே படுத்துட்டேன். அஞ்சு நிமிச வேலை!

இன்னொன்னையும் சொல்லியாகணும். மறுநாள் அந்த எரர் லாக நிதானமாப் படிச்சேன். செவப்புக்கெல்லாம் கீழ ஃப்ளட்டரே ஒரு கட்டம் போட்டு, "உன் கிரேடில் வெர்ஷனும் நான் ஓட்டுற ஜாவாவும் பொருந்தல"ன்னு எழுதி, எந்த ஃபைல மாத்தணும்னு பாதையோட குடுத்திருக்கு. நான் மேல இருந்த 'பக்!'கை காப்பி பண்ணித் தேடிக்கிட்டு இருந்தேன்.

சரி, பழைய ஜாவாவுக்கே போயிட்டா காலம் பூரா ஓட்டிரலாமா? அந்த அண்ணன் ஆப் ஓடும். பத்து பசங்க போன்ல ஏபிகேவா இருக்கு, ப்ளே ஸ்டோர் பக்கமே போகல. ஆனா ஸ்டோர்ல இருக்க ஆப்புக்கு இந்தப் பாச்சா பலிக்காது. 2025 ஆகஸ்ட் 31ல இருந்து புது ஆப்பும் அப்டேட்டும் குறைஞ்சது ஆண்ட்ராய்டு 15ஐக் குறி வச்சிருக்கணும், அதாவது ஏபிஐ 35. நவம்பர் 1ல இருந்து 16 கேபி மெமரி பேஜ் வச்ச போன்லயும் ஓடணும்ங்கிற சங்கதி வேற. பழைய ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 7ஐ வச்சுக்கிட்டு 35க்குக் கம்பைல் பண்ணிப் பாருங்க, ஆண்ட்ராய்டு ஜார் ஃபைலையே லோட் பண்ண முடியலன்னு நிக்கும். ஸோ ஏறித்தான் ஆகணும். ஆனா ராத்திரி பத்தரைக்கு ஏறாதீங்க. முதல்ல பின்னாடி போய் வேலைய முடிச்சுக் குடுத்துருங்க. ஏறுறத தனி கிட் பிராஞ்சுல, அதாவது கோடோட தனிப் பிரதில, பகல்ல, ஒரு நேரத்துல ஒரு படியா வச்சுக்கங்க.

இங்க நாலு பேரு ஒருத்தர் கையப் புடிச்சு நிக்கிறாங்க. ஜாவா, கிரேடில், ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின், அப்புறம் காட்லின்ங்கிற இன்னொரு மொழி. கிரேடிலும் ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகினும் ஒன்னுன்னு நெனைக்கிறவங்க நிறைய, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். கிரேடில் வண்டி. ப்ளகின்ங்கிறது அந்த வண்டிய ஆண்ட்ராய்டு ரோட்டுல ஓட்டத் தெரிஞ்ச டிரைவர். ரெண்டோட வெர்ஷனும் வேற வேற ஃபைல்ல இருக்கு. வண்டி வெர்ஷன் ரேப்பர் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல, டிஸ்ட்ரிபியூஷன் யூஆர்எல்ங்கிற வரில. டிரைவர் வெர்ஷன் பில்ட் கிரேடில்லயோ செட்டிங்ஸ் கிரேடில்லயோ.

ஜாவா 21லயே இருந்துக்கிட்டு வண்டிய மட்டும் 8.5க்கு ஏத்துனீங்கன்னா 65 போயிரும். உடனே 'ஜேடிகே இமேஜ் டிரான்ஸ்ஃபார்ம்'னு ஒன்னு வந்து நிக்கும். ஜாவா 21ஓட ப்ளகின் பழசா இருந்தா வர்றது அது, 8.2.1ல சரி பண்ணிட்டாங்க. சரின்னு டிரைவர ஏத்துனா அடுத்து 'நேம்ஸ்பேஸ் நாட் ஸ்பெசிஃபைட்'. ப்ளகின் 8ல இருந்து ஒவ்வொரு மாட்யூலுக்கும் பில்ட் கிரேடில்ல நேம்ஸ்பேஸ், அதாவது அதோட தனிப் பேரு, எழுதியே ஆகணும், ஆப்போட விவர ஃபைலான மேனிஃபெஸ்ட்ல இருக்க பேக்கேஜ் வரி இனிமே செல்லாது. இதுல ஒரு வேடிக்கை. ஒவ்வொரு படிலயும் எரர் மாறும். மாறுனா நல்ல செய்தி, முன்னேறிருக்கோம்னு அர்த்தம். நிறைய பேரு புது எரரப் பாத்ததும் "ஐயோ இன்னும் மோசமாயிருச்சு"ன்னு எல்லாத்தையும் பழையபடி ஆக்கிர்றாங்க. ஒரே எரர் மூணு தடவை வந்தாத்தான் கவலைப்படணும்.

இதுவரைக்கும் நாம அப்டேட் பண்ணி உடைஞ்ச கதை. நாம விரலக்கூட அசைக்காமலே உடைஞ்ச கதை ஒன்னு இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட்ல ஆப் எழுத உதவுற ரியாக்ட் நேட்டிவ்ல இருக்கவங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2022 நவம்பர் 4. முந்தின நாள் ஓடுன ப்ராஜெக்ட், ஒரு எழுத்துக்கூட மாத்தல, ஆனா உலகம் பூரா ஆண்ட்ராய்டு பில்டு ஃபெயில். காரணம் ஒரு கூட்டல் குறி. ப்ராஜெக்டோட பில்ட் கிரேடில்ல ரியாக்ட் நேட்டிவ் லைப்ரரி பேருக்குப் பக்கத்துல வெர்ஷன் நம்பருக்குப் பதிலா ப்ளஸ் போட்டிருக்கும். "எது பெருசோ அதக் குடு"ன்னு அர்த்தம். அதுவரைக்கும் பிரச்சனை இல்ல, ஏன்னா அந்த லைப்ரரி ப்ராஜெக்டுக்குள்ள இருக்க நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள்ளயே இருக்கும், கிரேடில் கண்ணுக்கு அதுதான் பெருசாத் தெரியும். அன்னிக்கு 0.71ஓட முதல் சோதனை வெளியீட்ட லைப்ரரிகளோட பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரல்ல ஏத்துனாங்க. கிரேடில் பாத்துச்சு, வீட்ல 0.68 இருக்கு, கடைல 0.71 இருக்கு, எது பெருசு? கடைச் சரக்க அள்ளிட்டு வந்துருச்சு. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பழசு, ஆண்ட்ராய்டு பக்கம் புதுசு. மோதிருச்சு. அப்புறம் 0.63 வரைக்கும் பின்னாடி போய் பழைய வெர்ஷன்களுக்கெல்லாம் ஒட்டுப்போட்டு வெளியிட்டாங்க.

எனக்கு அந்தக் கூட்டல் குறியப் பாத்தா இன்னிக்கும் கை நடுங்கும். உங்க பில்ட் கிரேடில்ல எங்கயாவது ப்ளஸ் இருந்தா வீடியோவ நிறுத்திட்டுப் போய் நம்பர எழுதிட்டு வாங்க. எந்த லைப்ரரில எந்த வெர்ஷன்னு ஃப்ளட்டர் எழுதி வைக்கிற பப்ஸ்பெக் லாக் ஃபைல கிட்ல போடாம இக்னோர் பண்றதும் இதே சாதிதான். ஆப்புக்கு லாக் ஃபைல் கிட்ல இருக்கணும்.

மேக்ல இருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. ஐபோன் ஆப் கட்டுற எக்ஸ்கோடுல 14.3ல இருந்து 'லிப்ஆர்க்லைட்' ஃபைலக் காணோம்னு வந்தா, அது நெஜமாவே எடுத்துட்ட ஃபைல்தான், தேடாதீங்க. ஏதோ ஒரு பாட், அதான் ஐஓஎஸ் பக்கத்து லைப்ரரி, இன்னும் ஐஓஎஸ் 8ஐத் தாங்கணும்னு எழுதி வச்சிருக்கும். பாட்ஃபைல் கடைசில இருக்க போஸ்ட் இன்ஸ்டால்ல எல்லாத்தோட டிப்ளாய்மென்ட் டார்கெட்டையும், அதாவது தாங்குற குறைஞ்சபட்ச ஐஓஎஸ் வெர்ஷன, 11க்கோ அதுக்கு மேலயோ தூக்கிவிட்டாச் சரியாயிரும். பழைய எக்ஸ்கோட்ல இருந்து அந்த ஃபைல காப்பி பண்ணி உள்ள வைக்கிற வைத்தியமும் சுத்திக்கிட்டு இருக்கு. வேலை செய்யும், அடுத்த அப்டேட்ல திரும்ப வைக்கணும்.

இப்ப ஜாவாவத் திரும்ப 21க்கே மாத்திட்டு, பால் ஆப்ப தனி பிராஞ்சுல ஏத்திக்கிட்டு இருக்கேன், அதையும் காட்டிர்றேன். 65 தாண்டியாச்சு, ஜேடிகே இமேஜ் தாண்டியாச்சு. இப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறது ரசீது அடிக்கிற ப்ளூடூத் பிரிண்டர் ப்ளகின். எழுதுனவரு கைவிட்டு வருசக்கணக்காச்சு, நேம்ஸ்பேஸ் இல்ல. ஃப்ளட்டர் லைப்ரரிய இறக்கி வைக்கிற பப் கேஷுக்குள்ள போய் நேராத் திருத்தாதீங்க, வேற மெஷின்ல இறக்குனா போயிரும். நான் என்ன பண்ணிருக்கேன்னா, அந்த ப்ளகின் ஃபோல்டர அப்படியே என் ப்ராஜெக்டுக்குள்ள பேக்கேஜஸ்னு ஒரு ஃபோல்டர்ல வச்சு, பப்ஸ்பெக்ல பாத் குடுத்துட்டேன். அதோட மேனிஃபெஸ்ட்ல பேக்கேஜ்னு இருக்க பேர எடுத்து, பில்ட் கிரேடில்ல ஆண்ட்ராய்டுங்கிற அடைப்புக்குள்ள நேம்ஸ்பேஸ்னு எழுதி, மேனிஃபெஸ்ட்ல இருக்கிறத அழிச்சேன். இந்தா ரன் குடுக்குறேன்...

ம். 'இன்கன்சிஸ்டன்ட் ஜேவிஎம் டார்கெட்'. ஜாவா 1.8ங்குது, காட்லின் 21ங்குது. எரர் மாறிருச்சுல்ல? அதே ஃபைல்ல கம்பைல் ஆப்ஷன்ஸ்லயும் காட்லின் ஆப்ஷன்ஸ்லயும் ரெண்டு எடத்துலயும் 17னு போடுறேன். கரண்ட் போறதுக்குள்ள இதக் கமிட் பண்ணிக்கிறேன். பிரிண்டர்ல ரசீது வந்துச்சுன்னா அடுத்த வீடியோல அந்தக் காகிதத்தையே காட்டுறேன்.