மனசு ஒட்டாத நாளில் எந்தப் போர்வையை எடுப்பது?

வணக்கம், எல்லாரும் நலமா? இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்கைக் கிட்டத்தில்தான் வைத்திருக்கிறேன்.

மேசையைப் பாருங்கள். மூன்று போர்வைகள், மூன்றும் பாதியில். துண்டுத்துணிப் போர்வை தைக்கிற எல்லாருக்கும் இந்த நிலைமை தெரியும். "ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு" என்று பெரியம்மா சொல்வார். மற்ற வேலைக்கு அது சரி. போர்வைக்கு ஒத்துவராது என்பதுதான் என் கட்சி. ஒரு போர்வைக்குள் பல வகை வேலை இருக்கிறது. துணி வெட்ட வேண்டும், துண்டுகளை இணைக்க வேண்டும், மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்க வேண்டும், அப்புறம் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற ஓட்டுத்தையல் போட வேண்டும். வெட்டும்போது புத்தி முழுக்க விழித்திருக்க வேண்டும். ஓட்டுத்தையலுக்குக் கை போதும், மனசு எங்கே வேண்டுமானாலும் போய்வரட்டும். மூன்று போர்வையும் வெவ்வேறு கட்டத்தில் இருந்தால், இன்றைக்கு எனக்கு எது முடியுமோ அதற்கேற்ற வேலை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆர்வம் வரட்டும் என்று காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

முதலாவது இது, லாக் கேபின் என்கிற வடிவம். நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், ஒரு பாதி வெளிர் நிறம், மறுபாதி அடர் நிறம். நடுச்சதுரம் சிவப்பாக இருப்பது பழைய வழக்கம். தீபாவளி நெருங்கினால் நம் கடைத்தெருத் தையல் கடைகளில் வெட்டிய மிச்சத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பருத்தியை மட்டும் பொறுக்கி எடுங்கள். தையல் விளிம்பு கால் அங்குலம், எல்லாப் பட்டைக்கும் அதே அளவு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது தைப்பதைவிடத் தரையில் பரப்புவதுதான். அதே சதுரங்களைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு முறை உழவுச் சால் மாதிரி சாய்ந்து ஓடும், இன்னொரு முறை ஒன்றுக்குள் ஒன்றாக வைர வடிவம் விரியும். போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள், எது வெளிர், எது அடர் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். மந்தமான சாயங்காலத்தில் நான் மிஷினைத் தொடுவதில்லை, பரப்பி மட்டும் பார்ப்பேன். பல நாள் அதிலேயே கை பரபரக்க ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது, அப்பாவின் வேலைச் சட்டைகள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போய்விடுவார். தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த பிறகும், அப்பா போன பிறகும், அம்மா இந்தச் சட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இந்தக் கரும்பழுப்புத் திட்டு பால் கறை. ரப்பர் பால் துணியில் காய்ந்தால் எந்தச் சோப்புக்கும் போகாது, துணியே விறைத்துவிடும். அந்த இடத்தில் வழக்கமான 11ஆம் எண் ஊசி திணறும். ஜீன்ஸ் தைக்கிற 16ஆம் எண் ஊசியை மாட்டுங்கள். இங்கே பாருங்கள், சட்டைப்பையைப் பிரித்து எடுத்த இடம். சுற்றிலும் வெளுத்துப்போயிருக்கிறது, பை மறைத்த இடத்தில் மட்டும் வாங்கின அன்றைய நீலம். இந்தப் போர்வையிலேயே அழகான நிறம் இதுதான்.

இந்த எண்ணத்தை எனக்குக் கொடுத்தவர் மிசூரி பெட்வே. அமெரிக்காவில், அலபாமாவின் கீஸ் பெண்ட் ஊர்க்காரர். கணவர் இறந்ததும், 1942இல், அவருடைய வேலைத்துணிகளையே வெட்டிப் போர்வை தைத்தார். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த ஊர் அது. அங்கத்திய பெண்கள் தைத்தவை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன, 2006இல் தபால்தலைகளாகவும் வந்தன. தோட்டத்து வேலைத்துணி அருங்காட்சியகச் சுவரில் தொங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, அப்பாவின் சட்டை என் கண்ணுக்குக் கந்தலாகப் படவே இல்லை. இதைக் காலையில், மனசு தெளிவாக இருக்கும்போதுதான் எடுப்பேன். களைப்போடு தொட மாட்டேன்.

மூன்றாவது முழுக்கக் கைத்தையல். கவந்தி என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியில் வந்த, சித்தி என்கிற இனத்து மக்கள், கர்நாடகாவில் தைப்பது. பழைய பருத்திச் சேலையை அடியில் விரித்து, மூலையில் தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து ஓரத்தோடு வைத்து, ஓட்டுத்தையலாலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். முன்கூட்டிக் கணக்கெல்லாம் வேண்டாம். இணைப்பதும் அடுக்கைப் பிடிப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடும். நான்கு மூலையிலும் மடித்த துணியை முக்கோணமாக வைப்பார்கள், அதற்குப் பூலா என்று பெயர். அடுத்த துண்டு எது என்ற ஒரே கேள்விதான். மின்சாரம் போனாலும் வாசல் அஞ்சடியில் உட்கார்ந்து தைக்கலாம், ஆளோடு பேசிக்கொண்டும் தைக்கலாம்.

நம் வெயிலுக்குத் தடித்த பாலியெஸ்டர் பஞ்சு வேண்டவே வேண்டாம். உள்ளே மெல்லிய பருத்திப் பஞ்சு, கிடைக்காவிட்டால் இன்னொரு பழைய சேலை, அது போதும்.

சரி, மூன்றுமே மலைப்பாகத் தெரிகிற நாளும் வருமே? அப்போது நான் சாங்கி போர்வைகளை நினைத்துக்கொள்வேன். அதுவும் 1942தான். ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள் தைத்தது. எத்தல் மல்வனி என்ற கனடாப் பெண்மணியின் யோசனை. ஆளுக்கு ஒரு 6 அங்குலச் சதுரம். அதில் தன் பெயரையும் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றையும் பூத்தையலில் போட வேண்டும். 66 சதுரம் சேர்ந்தால் ஒரு போர்வை. தனியே அடைபட்ட கணவருக்கு, மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று அந்தச் சதுரம் தகவல் சொல்லும். அவர்களில் யாரும் தனியாளாக முழுப் போர்வை தைக்க வேண்டியிருக்கவில்லை, தன் பங்குச் சதுரத்தைத் தைத்தால் போதும். எனக்கும் அந்த மாதிரி நாளில் ஒரு சதுரம் போதும். அதற்கு மேல் என்னை நானே கேட்பதில்லை.

இன்னொன்று, வேலையை நிறுத்துகிற விதம். ஒரு சதுரம் முழுசாக முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. அடுத்த துண்டைத் தேர்ந்து, மடித்து, இரண்டு தையல் போட்டு நடுவில் விடுங்கள். ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன், அதனதன் துண்டும் நூலும் அதற்குள்ளே. ஊசியை மட்டும் துணியிலேயே விட்டுவிடாதீர்கள். நம் ஈரக் காற்றில் துருப்பிடித்துத் துணியில் புள்ளி விழுந்துவிடும், அப்புறம் போகாது. நூல் கோத்தபடியே டின்னுக்குள் ஒரு கம்பளித் துண்டில் குத்தி வையுங்கள். திறந்ததும் தைக்கலாம்.

அடுத்த வீடியோவில் கவந்தியின் முதல் மூலையைச் சேர்ந்து தைப்போம். ஒரு பழைய பருத்திச் சேலை, கை நிறையத் துண்டுத்துணி, கனமான பருத்தி நூல், இவ்வளவும் எடுத்து வையுங்கள். சேலையைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து வைத்திருந்தால் நல்லது.