காரத்தைக் குத்தம் சொல்லாதீங்க: பி.பி.யும் செட்டிநாட்டுச் சமையலும்

[காட்சி: காரைக்குடி வீட்டுச் சமையல்கட்டு. அம்மியில் மிளகாய், சோம்பு, மிளகு.]

குரல்: பி.பி. இருக்குன்னு டாக்டர் சொன்னதும் நம்ம வீடுகள்ல முதல்ல நிக்கிறது காரம்தான். "ஆச்சிக்கு இனிமே மிளகு ஆகாது"ம்பாங்க. பாவம் மிளகு! ஏத்திவிடுறது உப்பு.

[அசைபடம்: ரத்தக்குழாய்.]

உப்புல இருக்கிற சோடியம் உடம்புல தண்ணியைப் பிடிச்சு வைக்கும். ரத்தத்தோட அளவு கூடும், குழாய்ச் சுவர்ல அழுத்தம் ஏறும். தொடர்ந்து 140/90-க்குக் குறையாம நின்னா, அது உயர் ரத்த அழுத்தம்.

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கிராம் கணக்குல அளந்து யார் சமைக்கிறா?

[காட்சி: உப்பு பாக்கெட்டில் தேதி எழுதும் கை.]

ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரிக்கிற அன்னைக்கே அதுமேல தேதி எழுதிருங்க. பெரியவங்க நாலு பேர் இருக்கிற வீட்ல அது 50 நாளாவது வரணும். 30 நாள்லயே காலியானா விஷயம் புரிஞ்சிரும். கடை முறுக்கும் ஓட்டல் சாப்பாடும் இந்தக் கணக்குலயே வரலை, ஞாபகம் இருக்கட்டும். இந்துப்புக்கு மாறிட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க, அதுவும் சோடியம் குளோரைடுதான்.

[காட்சி: இலை ஓரத்தில் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம்.]

முதல்ல கைவைக்க வேண்டியது இந்த இலை ஓரத்துல. அப்புறம் உப்புக்கண்டம். ஆட்டுக்கறியில உப்பு, மஞ்சள், மிளகாய் பிசறி, கயித்துல கோத்து வெயில்ல காய வைக்கிறோம். அது கெடாம நிக்கிறதே உப்பாலதான். கழுவினாலும் உள்ள ஊறினது முழுசாப் போகாது. எப்பவாவது ஒரு துண்டு சரி, தினமும் சோத்துக்குத் தொட்டுக்க வேண்டாம்.

குழம்பு சப்புன்னு இருக்குமேன்னா, அதுக்குத்தான் அம்மி இருக்கு. சோம்பு, மிளகு, கல்பாசியை வறுத்து அரைச்சுப் போடுங்க. பூண்டு தூக்கலா இருக்கட்டும். கத்திரிக்காய் மண்டியில புளி கொஞ்சம் முன்ன நிக்கட்டும். சில வாரத்துல நாக்கு பழகிரும்.

[காட்சி: விடியக்காலை ஊருணிக்கரை.]

வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதான் வேகம். பீடி, சிகரெட்டுல பேரமே கிடையாது.

அளவு இறங்கிருச்சேன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, இறங்கினதே அதாலயா இருக்கலாம். சோடியம் குறைஞ்ச உப்பு வாங்குறவங்க, கிட்னியில கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்டுக்கிடுங்க. அதுல பொட்டாசியம் இருக்கும்.

[காட்சி: திண்ணையில் பி.பி. மெஷின்.]

வீட்ல அளக்கும்போது காபி குடிச்சு அரை மணி ஆகட்டும். 5 நிமிஷம் சாஞ்சு உட்காருங்க, கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். அளக்கிற வரைக்கும் பேசக் கூடாது. நம்ம ஆச்சிகளுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம்.