அரசு வழக்கறிஞர் யாருக்காக நிற்கிறார்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகனை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கு வருகிறது. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, பெரிய வழக்கறிஞர் இருப்பார். இந்தத் தகப்பனுக்காகப் பேச வேண்டியவர் அரசு வழக்கறிஞர்தான். அவர் விலைபோய்விட்டார் என்ற பேச்சு எழுந்தால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

விலைபோவது என்றால் பணக்கட்டு கைமாறுவது மட்டுமல்ல. ஜாமீன் மனுவை ஒப்புக்கு எதிர்க்கலாம். சாட்சி முன்பு சொன்னதை மாற்றிப் பிறழும்போது இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். எதிரி விடுதலையானபின், மேல்முறையீடு செய்ய முகாந்திரம் இல்லை என்று அரசுக்குக் கருத்து எழுதலாம். இவற்றில் ஒவ்வொன்றையும் நேர்மையான வழக்கறிஞரும் நல்ல காரணத்தோடு செய்யக்கூடும். குற்றச்சாட்டை நிரூபிப்பதும் பொய்யென்று காட்டுவதும் ஒன்றுபோலக் கடினமாக இருப்பது இதனால்தான்.

நோயின் வேர் நியமனத்தில் இருக்கிறது. மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆவதற்குக் குறைந்தது 7 ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும். செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து ஆட்சியர் பெயர்ப்பட்டியல் தயாரிக்க வேண்டும். சட்டம் சொல்வது இது. ஆனால் ஆட்சி மாறியதும் அரசு வழக்கறிஞர்கள் மாறுவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். உத்தரப் பிரதேச அரசு 1990இல் எல்லா மாவட்ட அரசு வழக்கறிஞர்களையும் ஒரே உத்தரவில் நீக்கியது. அது தன்னிச்சையான செயல் என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்சிப் பரிந்துரையால் வந்தவர் என்று ஊர் நம்பிவிட்டால், அவர் நியாயமாக விட்டுக்கொடுத்த ஜாமீனும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. திறமையான வழக்கறிஞர்கள் இப்படிப் பெயர் கெட்டு ஒதுங்கியதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். முறையான விசாரணையும் இல்லை, விடுவிப்பும் இல்லை. பதவி போகும், பேச்சு மட்டும் போகாது.

சேலம் வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியார் அரசு வழக்கறிஞர் அல்லர். ஆனால் பழி சுமந்தவர். 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவரத்தைத் தூண்டியதாக அவருக்குப் பத்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அவர் தாமே போராடிக் குற்றமற்றவர் என்று நிலைநாட்டினார். 1920இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அவர்மீது சொல்லப்பட்டது நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. இன்று ஊழல் பழி சுமக்கும் அரசு வழக்கறிஞருக்கும் அந்தச் சோதனை வேண்டும். குற்றவாளியானால் தண்டனைக்காக, நிரபராதியானால் மானத்துக்காக. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம், அரசிடம் கட்டணம் பெற்றுப் பொதுக்கடமை செய்பவரையும் பொது ஊழியராகவே கருதுகிறது. ஆகவே சட்டம் இல்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 360ஆம் பிரிவின்படி, அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெற விரும்பினால், பாதிக்கப்பட்டவர் தம் கருத்தைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் நீதிமன்றம் அனுமதி தரக் கூடாது. நீதிமன்ற அனுமதியுடன் நீங்களே ஒரு வழக்கறிஞரை அமர்த்தி அரசுத் தரப்புக்கு உதவவும் முடியும். வாய்தா நாளில் உங்கள் வழக்கு அழைக்கப்படும்போது நேரில் இருங்கள். என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.